ஒரு போல்ட்டும் பத்து புஷ்களும்: பழைய எஸ்டீமின் பின்புற சஸ்பென்ஷன் வேலை

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில் நேர்ப்பகுதி முடிந்து, முதல் வலது வளைவுக்குள் காரைத் திருப்பும்போது, நான் ஸ்டீயரிங்கைத் திருப்பி முடித்த பிறகும் பின்பகுதி தன் பங்குக்கு இன்னொரு முறை சற்றே திரும்பிக்கொள்வதை 2025 பிப்ரவரியில்தான் முதன்முதலாக உணர்ந்தேன். அது வழுக்கல் அன்று. டயர் பிடியை விடும்போது முதலில் முனகும், பிறகு மெல்ல நழுவும். இதுவோ கீல் தளர்ந்த கதவு திறந்தவுடன் ஒரு கணம் தாமதித்து விரற்கடை அளவு தொங்குவதைப் போல, ஒரே ஒரு முறை நகர்ந்து அங்கேயே நின்றுகொண்டது. வேகம் குறைந்த வளைவுகளில் அது தெரியவில்லை. நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை அழுத்தமாக மிதித்தபோது மட்டும், பின்பகுதி இடமா வலமா என்று தயங்குவதுபோல் ஒரு நெளிவு இருந்தது.

கார் 2001ஆம் ஆண்டு மாருதி எஸ்டீம். 1,298 சிசி எஞ்சின். பின் இருக்கை, ஏசி, தரை விரிப்பு, கதவுத் தட்டிகள் எல்லாவற்றையும் கழற்றிய பிறகு வில்லியனூர்ச் சாலையில் உள்ள ஓர் எடை மேடையில் நிறுத்திப் பார்த்தபோது 810 கிலோ காட்டியது. வார நாட்களில் அது புதுச்சேரி கிருஷ்ணா நகரில் என் வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் நிற்கும். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை திண்டிவனம், செங்கல்பட்டு, ஒரகடம் வழியாகப் பந்தயப் பாதைக்குப் போய் வரும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, எங்கள் தெருவில் இருந்த எல்லா வண்டிகளையும் போல இதுவும் சக்கரத்தின் பாதி உயரத்துக்குச் சேற்று நீரில் இரண்டு நாள் நின்றது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் உடனே எண்ணெய் மாற்றினேன், பிரேக் டிரம்களைக் கழற்றித் துடைத்தேன். சஸ்பென்ஷனைப் பற்றி அப்போது நினைத்துப் பார்க்கவே இல்லை.

முதலில் டயரைச் சந்தேகித்தேன். இடது பின் டயரின் உட்புற விளிம்பு மட்டும் கம்பி தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தது அந்தச் சந்தேகத்துக்கு வசதியாக இருந்தது. டயரை மாற்றிக் காற்றையும் சரிபார்த்த பிறகு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் ஓட்டிப் பார்த்தேன். நெளிவு அப்படியே இருந்தது. அடுத்து ஷாக் அப்சார்பரைச் சந்தேகித்தேன். இடது பக்கத்து ஷாக்கின் உடலில் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருந்தது உண்மைதான். ஆனால் ஷாக் ஓய்ந்தால் கார் மேலும் கீழும் ஆடும். சக்கரம் பக்கவாட்டில் திரும்பிக்கொள்வதற்கு அது காரணமாக முடியாது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. பழுது எங்கே என்று காட்டிக்கொடுத்தது ஒரு சாதாரண டயர் லீவர். காரின் பின்பகுதியை ஜாக்கியால் தூக்கி, இரண்டு ஆக்சில் ஸ்டாண்டுகளின் மேல் இறக்கி, லோயர் ஆர்முக்கும் அது உடலோடு இணையும் அடைப்புக்கும் (பிராக்கெட்) இடையே லீவரை விட்டு நெம்பினேன். வலது பக்கம் இறுக்கமாக எதிர்த்தது. இடது பக்கம், கொழகொழத்த மாம்பழத்தில் கொட்டை நகர்வதுபோல், ஆர்ம் ஐந்தாறு மில்லிமீட்டர் போய் வந்தது.

எஸ்டீமின் பின்புற அமைப்பைப் பார்க்காதவர்களுக்காக இதைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. இதில் பின் சக்கரங்களை இணைக்கும் இறுகிய ஆக்சில் கிடையாது. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே தொங்குகிறது. சக்கரத்தைத் தாங்கும் நக்கிள், மேலே ஷாக் அப்சார்பரோடும், கீழே ஏ வடிவ லோயர் ஆர்மோடும் இணைந்திருக்கிறது. ஸ்பிரிங் ஷாக்கைச் சுற்றி இல்லை. தனியாக லோயர் ஆர்மில் உள்ள குழியில் உட்கார்ந்து உடலைத் தாங்குகிறது. சக்கரம் முன்னோக்கி நேராகப் பார்க்கிறதா என்பதைத் தீர்மானிப்பது கண்ட்ரோல் ராடு என்னும் மெல்லிய கம்பி. அதன் உள்முனைப் போல்ட்டில் உள்ள, துளை நடுவில் இல்லாமல் வட்டம் விலகிய வாஷரைத் திருப்பினால் சக்கரத்தின் திசை மாறும். ஆர்மின் உள்பக்கம் முன்னும் பின்னும் ஒவ்வொரு ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றி இணைப்பில் உட்காரும் ரப்பர் உருளை), நக்கிளோடு சேரும் இடத்தில் ஒன்று, கண்ட்ரோல் ராடின் இரு முனைகளிலும் இரண்டு என்று பக்கத்துக்கு ஐந்து, மொத்தம் பத்து. இந்தப் பத்து ரப்பர் துண்டுகளில் எது நைந்தாலும், வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் எடை சாயும்போது அந்தச் சக்கரம் தனக்குப் பிடித்த திசையில் கொஞ்சம் திரும்பிக்கொள்ள இடம் கிடைத்துவிடுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் கடிகாரச் சுற்றில் ஓட்டுகிறோம். வலது வளைவுகளே கூடுதல். ஆகவே இடது பக்கப் புஷ்கள் முந்திக்கொண்டு நைந்ததில் வியப்பில்லை.

எதையும் கழற்றும் முன் அளந்து வைத்துக்கொண்டேன். தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கு அருகில் வாங்கிய தூண்டில் நரம்பைக் காரின் இருபுறமும், சக்கர மையத்தின் உயரத்தில், நான்கு ஸ்டாண்டுகளில் இழுத்துக் கட்டி, இரண்டு நரம்புகளும் காரின் நடுக்கோட்டுக்கு இணையாக இருக்கும்படி செய்து, ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் நரம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று எஃகு அளவுகோலால் அளந்தேன். 13 அங்குல ரிம்மின் விளிம்புகளுக்கு இடையே சுமார் 350 மில்லிமீட்டர் இருப்பதால், ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு ஏறக்குறைய பத்து நிமிடக் கோணத்துக்குச் சமம் (ஒரு டிகிரிக்கு 60 நிமிடம்). இடது பின் சக்கரம் 3 மில்லிமீட்டர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. அதாவது அரை டிகிரி. வலது சக்கரம் அரை மில்லிமீட்டர் வெளியே. உள்விளிம்பு மட்டும் தேய்ந்த டயருக்கும் இதுதான் காரணம். கொத்தனாரின் தூக்குக் குண்டைச் சக்கரத்தின் அருகே தொங்கவிட்டுச் சாய்வையும் பார்த்தேன்: இடது சக்கரத்தின் மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட 11 மில்லிமீட்டர் உள்ளே, வலது 8 மில்லிமீட்டர் உள்ளே. கணினித் திரையில் வண்ணப் படங்களாகக் காட்டும் அலைன்மென்ட் கடைகள் காமராஜர் சாலையைச் சுற்றி நிறைய உண்டு. ஆனால் இந்த முறையில் என் கொட்டகையை விட்டு நகராமல் எத்தனை முறை வேண்டுமானாலும் அளக்க முடிகிறது.

வலது பக்கம் அரை நாளில் கழன்றது. வட்டம் விலகிய வாஷரின் நிலையை ஆணியால் கீறி அடையாளமிட்டு, ஆர்மின் அடியில் ஜாக்கியை வைத்து ஸ்பிரிங்கின் சுமையைத் தாங்கச் செய்து, ஸ்பிரிங் தெறித்துவிடாமல் அதன் சுருளுக்குள் ஒரு சங்கிலியைக் கோத்து உடலோடு கட்டி, நக்கிளோடு சேரும் போல்ட்டை உருவி, ஜாக்கியை ஒரு விரல் ஒரு விரலாக இறக்கினேன். ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வந்தது. சங்கிலி தேவைப்படவில்லை, ஆனாலும் அடுத்த முறையும் கட்டுவேன்.

இடது பக்கத்தில் ஸ்பிரிங் வரை அதே போல் வந்தது. உள்பக்க முன் போல்ட்டில் நட்டு எளிதாகக் கழன்றதைக் கண்டு மகிழ்ந்துவிட்டேன். ஆனால் போல்ட்டின் தலையில் ஸ்பேனரை மாட்டித் திருப்பினால், அது கால் சுற்று திரும்பி, ஸ்பேனரை விட்டதும் பழைய இடத்துக்கே வந்து நின்றது. புஷ்ஷின் நடுவில் உள்ள எஃகுக் குழாயும் போல்ட்டும் துருவில் ஒன்றாகிப் போயிருந்தன. நான் திருப்பியது போல்ட்டை அன்று, குழாயோடு சேர்த்து ரப்பரை. கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவில் உப்புக் காற்றில் நின்ற கார், அதன் மேல் புயலின் சேற்று நீர். குழாய்க்குள் புகுந்த ஈரம் வெளியே வர வழியே இல்லை.

கியர் எண்ணெயும் அசிட்டோனும் சம அளவில் கலந்து நான்கு நாட்கள் காலையும் மாலையும் விட்டேன். சுத்தியலால் தட்டினேன். ஸ்பேனரில் மூன்று அடிக் குழாயைச் செருகி நெம்பினேன். ரப்பர் முற்றிலும் கிழிந்து, போல்ட்டும் குழாயும் சேர்ந்து சுகமாகச் சுழலத் தொடங்கின. உதவிக்கு வந்த மெக்கானிக் அண்ணன் காரின் அடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "கேஸ் வச்சு சூடு காட்டுனா ரெண்டு நிமிஷத்துல வந்துடும் தம்பி" என்றார். வழக்கமாக அவர் சொல்வது சரி. ஆனால் இந்தப் போல்ட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, பின் இருக்கையின் கீழே பெட்ரோல் டேங்க் இருக்கிறது. டேங்க் காலியாக இருக்கிறதே என்பது ஆறுதல் அன்று. நிறைந்த டேங்க்கைவிட, ஆவி நிறைந்த காலி டேங்க்தான் தீப்பொறிக்குக் காத்திருப்பது. அதே காரணத்தால் கிரைண்டரும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். டேங்க்கைக் கழற்றி வைக்கலாம்தான். ஆனால் அதன் போல்ட்டுகளும் இதே துருவில் இருந்தன, இரண்டாவது சண்டையை வலியத் தொடங்க எனக்கு மனமில்லை.

மிஞ்சியது ஹாக்சா பிளேடு. ரப்பருக்கும் அடைப்பின் சுவருக்கும் இடையே குழாய் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீண்டிருக்கும் இடத்தில், குழாயையும் அதனுள் இருக்கும் 12 மில்லிமீட்டர் போல்ட்டையும் சேர்த்து அறுக்க வேண்டும். முன்னால் ஒரு வெட்டு, பின்னால் ஒரு வெட்டு. சட்டத்தை மாட்ட இடமில்லாததால், அங்குலத்துக்கு 24 பல் உள்ள பைமெட்டல் பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிப் பிடித்து, மல்லாந்து படுத்தபடி, முழங்கை அளவே நகர்த்தி அறுத்தேன். முதல் வெட்டுக்கு இரண்டு மாலைகளும் மூன்று பிளேடுகளும், இரண்டாவதற்கு ஒரு மாலையும் இரண்டு பிளேடுகளும் ஆயின. வேகமாக இழுத்தால் பல் சூடேறி மழுங்குகிறது. நிதானமாக, போகும்போது மட்டும் அழுத்தி, வரும்போது தளர்த்தி, இடையிடையே ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பிளேடு நெடுநேரம் தாங்குகிறது என்பதை நான்காவது பிளேடில்தான் பழகினேன். ஆர்ம் கழன்று மார்பின் மேல் விழுந்தபோது வலித்தது. ஆனாலும் அதைத் தூக்கி வைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தேன்.

அறுபட்ட போல்ட்டுக்குப் பதிலாக ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு போல்ட்டைப் போடக் கூடாது. தலையில் 8.8 என்று பொறித்திருந்தால் அதன் இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன், அதில் 80 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்று பொருள், 10.9 என்றால் 1,000 நியூட்டன், 90 சதவீதம். எண்ணே இல்லாத போல்ட் என்றால் எதற்கும் உத்தரவாதமில்லை. நுண்மரை கொண்ட 10.9 போல்ட்டுகளையே எல்லா இடத்துக்கும் வாங்கினேன். மரையில்லாத தண்டுப் பகுதிக்கு மட்டும் கிரீஸ் தடவினேன், அடுத்த முறை பிளேடுக்கு வேலை வராதிருக்க. மரையில் கிரீஸ் பட்டால் உராய்வு குறைந்து, முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும்போதே போல்ட் தேவைக்கு மேல் இழுபட்டுவிடும்.

புஷ்களைப் பொறுத்தவரை, முதலில் உள்ளூரில் வாங்கிய தொகுப்பு உடனே திரும்பிப் போனது. ஆர்மின் கண்ணுக்குள் (புஷ் உட்காரும் துளை) புஷ்ஷைப் பொருத்திப் பார்க்கலாமென்று கட்டைவிரலால் அழுத்தினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. வெர்னியரில் அதன் வெளி விட்டம் கண்ணைவிட 0.3 மில்லிமீட்டர் சிறியதாக இருந்தது. பிரஸ் என்னும் அழுத்தும் இயந்திரம் இல்லாமல் உள்ளே போகும் புஷ், பிரஸ் இல்லாமலே வெளியேயும் வரும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பழைய மாருதி உதிரி பாகங்களை வைத்திருக்கும் கடையொன்றில் அடுத்த தொகுப்பைப் பெட்டி திறந்து, ஒவ்வொன்றையும் வெர்னியரில் அளந்தே வாங்கினேன். கடைக்காரர் சலித்துக்கொண்டார்.

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறை அண்ணன், ரப்பரே வேண்டாம், நைலானில் கடைந்து தருகிறேன், ஆயுசுக்கும் இருக்கும் என்றார். லாரிகளில் அவர் அப்படிச் செய்து வெற்றி கண்டவர். அவருடைய வேலையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ரப்பர் புஷ் வேலை செய்யும் விதமே வேறு. அதில் எதுவும் உராய்வதில்லை; உள் குழாயும் வெளி வளையமும் ரப்பரோடு ஒட்டப்பட்டிருக்கின்றன, ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு பின் தளர்கிறது. நைலானிலோ பாலியூரிதேனிலோ புஷ் சுழன்றாக வேண்டும், அதற்கு கிரீஸ் வேண்டும், இந்த ஊரின் மணலும் உப்பும் அந்த கிரீஸில் கலந்தால் அது உப்புத்தாளாகிவிடும். மேலும், லோயர் ஆர்மும் கண்ட்ரோல் ராடும் வெவ்வேறு வட்டப் பாதைகளில் நகர்வதால், ராடின் முனைகள் சுழல்வதோடு சற்றுச் சாயவும் வேண்டியிருக்கிறது. சாயாத புஷ்ஷைப் போட்டால் அந்த வளைவை ராடும் அடைப்பும் தாங்க வேண்டிவரும். இப்படியெல்லாம் விளக்கிய பிறகு அவர், "அப்போ பிரஸ் வேலை மட்டும் குடுங்க" என்று சிரித்தார்.

அந்த பிரஸ் வேலையை அவர் செய்த நேர்த்தியை இங்கே பதிவு செய்ய வேண்டும். ஆர்ம் தகட்டை மடித்துச் செய்தது. அதைத் தட்டையாக மேசையில் வைத்து அழுத்தினால் புஷ் வருவதற்குள் ஆர்ம் கோணிவிடும். கண்ணின் விளிம்பை மட்டும் சுற்றித் தாங்கும்படி ஒரு குழாய்த் துண்டை லேத்தில் கடைந்து அடியில் வைத்தார். இரண்டு புஷ்களின் வெளி வளையங்கள் கண்ணோடு துருப்பிடித்து நின்றுவிட்டன. பிளேடால் உள்ளிருந்து நீளவாக்கில் கீறி, ஆர்மின் உலோகத்தைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்பு நிறுத்தி, உளியால் சுருட்டி எடுத்தார். புதிய புஷ்களை முந்தைய இரவு ஃப்ரிட்ஜின் மேல் தட்டில் உறைய வைத்து, சோப்பு நீர் தடவிக் கொடுத்தேன். ஆறு புஷ்கள் நேராக இறங்கின. ராடுகளின் நான்கு சிறிய புஷ்களை வீட்டிலேயே, மரை கடைந்த கம்பி, வாஷர், சாக்கெட் துண்டுகளை வைத்து நட்டை முடுக்கி உள்ளே இழுத்தேன்.

இடது ஆர்மின் ஸ்பிரிங் குழியில் ஒரு சிறங்கை காய்ந்த சேறு இருந்தது. நீர் வடியும் துளை அதில் அடைபட்டிருந்ததால், புயலுக்குப் பின் ஒவ்வொரு முறை கழுவியபோதும் நீர் உள்ளேயே தேங்கியிருக்கிறது. கம்பி பிரஷ், துருநீக்கி, ரெட் ஆக்சைடு, மேலே கறுப்பு எனாமல். துளையை ஒரு மில்லிமீட்டர் பெரிதாக்கினேன். ஆர்ம் இணையும் உடற்பகுதியைத் திருப்புளியால் குத்திப் பார்த்தேன், தகடு உறுதியாக இருந்தது. அது போயிருந்தால் இந்தப் பதிவு வெல்டிங் பதிவாக மாறியிருக்கும். ஷாக் அப்சார்பர்களை இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றினேன். படுக்க வைத்து விற்கப்படும் புதிய ஷாக்கின் உள் சிலிண்டரில் காற்று புகுந்திருக்கும். நேராக நிறுத்தி ஐந்தாறு முறை முழுதாக அழுத்தி இழுத்த பிறகு, வெற்றுப் பகுதி மறைந்து தண்டு சீராக எதிர்க்கத் தொடங்கியதும் பூட்டினேன்.

திரும்பப் பூட்டும்போது ஒரு பிழை செய்தேன். ரப்பர் ஒட்டிய புஷ்ஷின் போல்ட்டை இறுதியாக இறுக்கும்போது, சக்கரத்தின் மேல் காரின் எடை இருக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் அந்த நிலையே ரப்பருக்கு ஓய்வு நிலையாகிவிடும்; காரை இறக்கியதும் அது முறுக்கிக்கொண்டு, நிரந்தரமாக முறுக்கப்பட்ட நிலையிலேயே வேலை செய்து, சில மாதங்களில் கிழிந்துவிடும். இதை நன்றாக அறிந்திருந்தும், டார்க் ரெஞ்ச் கையில் இருந்த உற்சாகத்தில் வலது பக்கத்தின் உள்பக்கப் போல்ட்டுகள் இரண்டையும் தொங்கும் நிலையிலேயே முடுக்கிவிட்டேன். காரை இறக்கி, சக்கர வளைவின் உயரத்தை அளந்தபோது வலது பக்கம் இடதைவிட 12 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது. ஸ்பிரிங் மாறிப்போய்விட்டதோ என்று கால் மணி நேரம் குழம்பிய பிறகுதான் காரணம் புரிந்தது: முறுகிய ரப்பர் தானே ஒரு ஸ்பிரிங்காக நின்று காரைத் தூக்கிப் பிடித்திருந்தது.

துறைமுகத்தில் படகு கட்டும் இடத்தில் கேட்டு வாங்கிய நான்கு தடித்த மரத் துண்டுகளைச் சக்கரங்களின் அடியில் வைத்து, காரைத் தரைக்கு இணையாக நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் என் எடைக்கு ஈடாக அரிசி மூட்டைகளை ஏற்றி, எல்லாப் போல்ட்டுகளையும் தளர்த்தினேன். வலது பக்கம் மெல்லிய முனகலோடு கீழே அமர்ந்தது. காரை இரண்டு மூன்று முறை அழுத்தி விட்டபின், கையேட்டில் கண்ட அளவுக்கு ஒவ்வொன்றாக இறுக்கினேன். உயர வேறுபாடு 2 மில்லிமீட்டராகக் குறைந்தது. அது எனக்குப் போதும்.

மீண்டும் தூண்டில் நரம்பு. இரண்டு பின் சக்கரங்களையும் ஒவ்வொரு மில்லிமீட்டர் உள்ளே பார்க்கும்படி வாஷர்களைத் திருப்பினேன். அலைன்மென்ட் பிடிக்க ஒரு மாலை முழுவதும் போனது: ஒரு பக்கத்தைத் திருப்பினால் கார் மரத்துண்டின் மேல் இறுகி நின்றுவிடுகிறது, ஒவ்வொரு முறையும் சற்று முன்னும் பின்னும் உருட்டிய பிறகே அளவு உண்மையைச் சொல்கிறது. இடது சக்கரத்தின் சாய்வு 11 மில்லிமீட்டரிலிருந்து தானாகவே 8க்கு வந்து, வலது பக்கத்தோடு ஒத்துப்போனது. அதை நான் தொடவே இல்லை.

பந்தயப் பாதைக்கு மறுபடி போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று முறையாகப் பிரித்து இருபது சுற்றுகள். 3.717 கிலோமீட்டர் சுற்றில் எனக்கு அக்கறை முதல் வளைவு ஒன்றில்தான். முதல் சில சுற்றுகளில், பின்பகுதி நகரும் என்று எதிர்பார்த்து ஸ்டீயரிங்கை முன்கூட்டியே சற்றுத் தளர்த்தும் பழக்கம் கைகளில் மிஞ்சியிருந்ததால், நானே காரை வளைவுக்கு வெளியே விட்டுக்கொண்டிருந்தேன். ஏழாம் எட்டாம் சுற்றில்தான் கைகள் நம்பின. பிரேக்கில் இருந்த நெளிவும் போய்விட்டது. ஓட்டம் முடிந்ததும் வெப்பமானியால் இடது பின் டயரைப் பார்த்தேன்; உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் 5 டிகிரிதான் வேறுபாடு. சாய்வு உள்ள சக்கரத்துக்கு அது இயல்பானதே.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒவ்வொரு நட்டின் மேலும், அதை ஒட்டிய அடைப்பின் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுத்திருந்தேன். திரும்பி வந்து காரைத் தூக்கிப் பார்த்தபோது எல்லாக் கோடுகளும் நேராக இருந்தன. வலது ஆர்மின் உள்பக்க முன் போல்ட்டில் மட்டும், நான் முதலில் தவறாக முடுக்கித் தளர்த்திய அதே நட்டில், கோடு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் விலகியிருந்தது. ஒருமுறை முழு விசையில் இறுக்கிக் கழற்றிய பூட்டு நட்டை இரண்டாம் முறையும் பயன்படுத்தியது நான்தான். புதிய நட்டைப் போட்டு, சக்கரங்கள் மரத் துண்டுகளின் மேல் இருக்கும்படி இறுக்கி, அதன் மேல் மஞ்சள் நிறத்தில் கோடு போட்டிருக்கிறேன்.